வாடகை வீடு கட்டப் புறப்படும் சகோதரர்களுக்கு

பதினைந்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் என்று சபரில் காலத்தைக் கழித்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்களிடம், "இனி என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டுப் பாருங்கள். "கடை வைத்தால் கடனுக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், வேன் வாங்கினால் ஓட்டுநருக்குப் பின்னால் அலைய வேண்டும். நான்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டால் மாதம் பிறந்ததும் பணம் வந்துவிடும். உட்கார்ந்து சாப்பிடலாம்" என்பதே பலருடைய மறுமொழியாக இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடலாம் என்னும் அந்தச் சொல்லைப் பற்றித்தான் இங்கே சிறிது பேச எண்ணுகிறோம்.

வாடகைக்கு விடுவது மார்க்கம் அனுமதித்த தொழில். ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்று அதற்குத் தனிப் பாடமே உண்டு. அந்தப் பாடத்தை ஓதிக்கொடுக்கும்போது மாணவர்களுக்கு முதலில் விளக்குவது இதுதான்: விற்பனையில் பொருளையே கொடுத்து விலை பெறுகிறோம், இஜாராவில் பொருளை நம்மிடம் வைத்துக்கொண்டு அதன் பயனை மட்டும் கொடுத்து விலை பெறுகிறோம். எந்தப் பயன், எவ்வளவு காலம், என்ன கூலி என்னும் மூன்றும் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். கூரை ஒழுகினால், சுவர் விரிசல் கண்டால் அதைச் சீர்செய்வது பொருளுக்கு உரியவரின் கடமை. ஏனெனில், பயன் இல்லாத பொருளுக்குக் கூலி இல்லை. ஆகவே வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அல்லர். மாதந்தோறும் ஒரு பொருளை விற்றுக்கொண்டிருக்கும் வணிகர். அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் இந்தத் தொழிலின் கணக்கு விளங்கும்.

குடிவருவோர் யார்?

செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்க, காரைக்குடியில் மட்டும் சிறிய வீடுகளுக்கு ஆள் தேடி வருகிறார்கள். இதற்குக் காரணம் கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் என்றால் மிகையாகாது. 1947-இல் அவர் இங்கே கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடிக்கு வர வேண்டுமென்று 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இடையே 1952-இல் பொறியியல் கல்லூரியும் வந்தது. 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. தம் வீட்டையும் பெண்கள் கல்விக்காகக் கொடுத்துவிட்டு 1957-இல் மறைந்த அந்தப் பெருமகன், வாடகை வீட்டுத் தொழிலை வளர்ப்பதற்காக இவற்றைச் செய்யவில்லை. ஆனால் அவர் ஊன்றிய கல்வி நிலையங்களுக்கு வரும் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆய்வு மாணவர்களும் எங்கேனும் தங்கித்தானே ஆக வேண்டும்! கல்லூரிச் சாலையிலும் கழனிவாசல் பக்கத்திலும் செக்காலையிலும் சுப்பிரமணியபுரத்திலும் மாடிக்கு மாடி 'வீடு வாடகைக்கு' என்னும் பலகை தொங்குவது இதனால்தான். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. சுற்றிலும் இருந்த சிற்றூர்களும் அதனுள் வந்தன.

எனவே மனை வாங்குமுன், 'இந்த இடத்திற்குக் குடிவரப்போவது யார்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. பல்கலைக்கழக ஊழியர் பேருந்தோ இருசக்கர வாகனமோ கொண்டு பத்து நிமிடத்தில் போய்ச்சேர விரும்புவார். கடைவீதியில் வேலை பார்ப்பவருக்கு இரவு பத்து மணிக்கு மேல் நடந்து வீடு திரும்பும் தொலைவு வேண்டும். நகரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டருக்கு அப்பால் மனை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நான்கு வீடு கட்டிவிட்டு, பலகை மங்கும்வரை காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மனையின் விலையைப் பார்ப்பதோடு மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவது கட்டாயம். இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஐந்து சென்ட் மனை. கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு வீடுகள். ஒவ்வொன்றும் 450 சதுர அடி. ஆக 1,800 சதுர அடி. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 39,60,000 ரூபாய் ஆகிறது. தொட்டி, சுற்றுச்சுவர் என்று சில்லறைச் செலவுகளைச் சேர்த்து 40 இலட்சம் எனலாம். வீட்டுக்கு 6,000 ரூபாய் வாடகை என்றால் மாதம் 24,000, ஆண்டுக்கு 2,88,000. இந்த எண்ணைக் கேட்டதும் நம்மவர்களின் முகம் மலர்ந்துவிடும். சற்றுப் பொறுங்கள். ஒருவர் காலி செய்து மற்றொருவர் வரும்வரை வீட்டுக்கு ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 24,000 போயிற்று. சொத்து வரி, வெள்ளையடிப்பு, குழாய் பழுது, மோட்டார் பழுது என்று ஒரு 36,000. எஞ்சுவது 2,28,000. போட்ட முதல் 40 இலட்சத்துக்கு இது நூற்றுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. மனைக்கு 20 இலட்சம் கொடுத்திருந்தால் நூற்றுக்கு நான்குகூட இல்லை.

இந்த வருவாய் மோசமானதன்று. மனையின் மதிப்பு உயரலாம், வாடகையும் உயரும், வீடு நம்முடையதாகவே நிற்கும். ஆனால் கையில் 15 இலட்சத்தை வைத்துக்கொண்டு மீதி 25 இலட்சத்தை வட்டிக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நூற்றுக்கு ஒன்பது வட்டி என்றால் முதலாண்டு வட்டி மட்டும் 2,25,000. நான்கு வீட்டு வாடகையும் வட்டிக்குப் போய், மிஞ்சுவது மூவாயிரம் ரூபாய். அசலை அடைக்க மீண்டும் விமானம் ஏற வேண்டியதுதான்! வட்டி ஹராம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். இங்கே மார்க்கம் தடுத்ததைக் கணக்கும் சேர்ந்து தடுக்கிறது.

அப்படியானால் வழி என்ன? அஸ்திவாரத்தையும் தூண்களையும் இரண்டு தளம் தாங்கும்படி போட்டுவிட்டு, கையிலுள்ள பணத்திற்குக் கீழ்த்தளத்து இரு வீடுகளை மட்டும் முடிப்பது முதல் வழி. மேல்தளம் மூன்று ஆண்டு கழித்து வரட்டும், ஐந்து ஆண்டு கழித்து வரட்டும். மாடியில் நீட்டி நிற்கும் கம்பிகள் துருவேறாமலிருக்கச் சிமெண்டுப் பால் பூசி வைக்கச் சொன்னால் கொத்தனார் செய்து தருவார். இரண்டாவது வழி கூட்டு. தம்பியோ மச்சானோ 10 இலட்சம் போட்டால், 40 இலட்சத்தில் அவருக்குக் காற்பங்கு. வாடகையிலும் காற்பங்கு, பழுதுச் செலவிலும் காற்பங்கு. நாளடைவில் அவருடைய பங்கை நாமே சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். இதில் ஒரே நிபந்தனை, அண்ணன் தம்பிதானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் எழுதி வைப்பதுதான்.

ஒத்தி என்னும் குறுக்குவழி

மூன்றாவதாக ஒரு வழி நம் பகுதியில் பரவலாக நடக்கிறது. அதனாலேயே அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டடம் பாதியில் நிற்கும்போது, "ஐந்து இலட்சம் தருகிறேன்; மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இருந்துகொள்கிறேன்; போகும்போது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஒருவர் வருவார். இதைச் சிலர் ஒத்தி என்கிறார்கள்; சிலர் போக்கியம் என்கிறார்கள்; நகரங்களில் 'லீஸ்' என்று பெயர். நான்கு வீட்டையும் இப்படிக் கொடுத்தால் 20 இலட்சம் கைக்கு வரும். வட்டி என்ற பேச்சே இல்லை. வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி, வருபவருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் நடந்தது என்ன? ஐந்து இலட்சம் கடனாகக் கொடுக்கப்பட்டது. அது முழுமையாகத் திரும்பி வரும். அதற்கு மேல் மூன்று ஆண்டுகள் ஒரு வீட்டில் குடியிருக்கும் பயன் கடன் கொடுத்தவருக்குக் கிடைத்தது. கடனைக் கொண்டு பெறும் ஆதாயம் வட்டியே என்பதால், பெரும்பாலான உலமாக்கள் இதனைக் கூடாது என்றே கூறுகிறார்கள். வட்டியை ரூபாயாகக் கொடுக்காமல் அறையாகக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். பத்து மாத வாடகைக்குப் பதில் ஓர் இலட்சம் முன்பணம் கொடுத்தால் வாடகையில் ஆயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்பதும் இதே வாசலுக்குள்தான் நுழைகிறது.

மார்க்கப் பிரச்சினை ஒருபுறமிருக்க, உலக வாழ்விலும் இது படுத்தும் பாடு சொல்லி மாளாது. எமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் நான்கு வீடுகளையும் ஒத்திக்குக் கொடுத்துக் கட்டடத்தை முடித்தார். வாடகை என்று ஒரு காசு வரவில்லை. மூன்று ஆண்டு முடிவில் ஒருவர் மகளின் திருமணத்திற்காகப் பணத்தைக் கேட்டார். அவருக்குக் கொடுப்பதற்காகப் புதிய ஒத்திக்காரரைக் கூடுதல் தொகைக்குத் தேட வேண்டியதாயிற்று. தேடிக் கிடைப்பதற்குள் மற்றொருவரும் கேட்டுவிட்டார். மனைவியின் நகைகள் கடைக்குப் போயின. வீட்டுக்கு உரியவர் அவர். வீட்டில் வாழ்வோர் மற்றவர். வருமானம் யாருக்கும் இல்லை. ஜமாஅத்தில் பேசி முடிப்பதற்கு எட்டு மாதம் ஆயிற்று.

பணம் கொடுப்பவருக்கும் பாதுகாப்பு இல்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, அனுபவ பாத்தியத்தோடு கூடிய ஒத்தி என்பது ஓர் அடமானம். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வாங்கினால் போதும் என்று நம்பி இலட்சக்கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். அதே வீட்டின் பத்திரம் வேறெங்கோ அடமானத்தில் இருந்தால் அவர் கதி என்ன?

முன்பணம் யாருடையது?

மாத வாடகைக்கு விடும்போதும் இந்தக் கேள்வி வந்தே தீரும். நான்கு குடும்பங்கள் கொடுத்த முன்பணத்தை எடுத்து மேல்தளத்திற்கு டைல்ஸ் பதித்துவிட்ட வீட்டுக்காரர்கள் நம்மில் பலர். அந்தப் பணம் குடியிருப்பவருடையது. அவர் காலி செய்யும் நாளில், "அடுத்த ஆள் வரட்டும், அவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித் தருகிறேன்" என்பது எவ்வளவு வழக்கமான பேச்சாகிவிட்டது! புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வழியில்லாமல், சாமான்களை ஏற்றிய வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு ஒரு குடும்பத் தலைவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, அந்த வீட்டின் வாடகை எப்படிப் பரக்கத்தாக இருக்கும்?

நான்கு முன்பணத்தையும் தனியாக ஒரு கணக்கில் தொடாமல் வைப்பதே முறை. அவசரத்திற்குச் செலவழிக்க நேர்ந்தால், குடியிருப்பவரின் சம்மதத்தோடு செய்து, அது இனிக் கடன் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நாலு பேரும் ஒரே மாதத்தில் காலி செய்தால் கொடுக்க முடியுமா என்று தமக்குத் தாமே கேட்டுப் பார்க்கட்டும். முடியாது என்றால் இரண்டு வீட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இந்தத் துறையில் சட்டமும் மாறியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு வாடகையும் எழுத்து மூலமான ஒப்பந்தமாக இருக்க வேண்டும். அதை மாவட்ட ஆட்சியரால் அமர்த்தப்படும் வாடகை அதிகார அலுவலரிடம் பதிந்துகொள்ள வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே தேவையில்லை என்னும் பழைய நம்பிக்கை சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. இந்தப் பதிவுக்கு அது பொருந்தாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இசைந்திருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வீட்டைத் திரும்பப் பெற்ற ஒரு மாதத்திற்குள், முறையான பிடித்தம் போக, முன்பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பழுது பார்க்க வீட்டினுள் நுழைவதாயிருந்தாலும் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது குற்றம். இவற்றுள் எது நமக்குப் புதிது? பர்தாவுடைய வீட்டில் அனுமதி கேட்டு நுழைய வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு மக்தபில் கற்பிக்கும் பாடமல்லவா!

பிடித்தம் என்பதில் ஒரு வார்த்தை. காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கென்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது வழக்கமாகிவிட்டது. குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அந்த மங்கலுக்கும் சேர்த்துத்தான் மாத வாடகை. கதவை உடைத்தார், கழிப்பறைக் கோப்பையை உடைத்தார் என்றால் அது வேறு. வெள்ளையடிப்புக்குப் பிடிப்பதென்றால் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் சொல்லாதீர்கள்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

நான்கு குடும்பம் ஒரு முற்றத்தைச் சுற்றி இருக்கும்போது சண்டைகள் பெரும்பாலும் தண்ணீர், கழிப்பறை, மீட்டர் என்னும் மூன்றிலிருந்தே பிறக்கின்றன. பொதுக் கழிப்பறை வைத்துக் காம்பவுண்டு வீடு கட்டிய காலம் போய்விட்டது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனிக் கழிப்பறை, மேலே தனித் தொட்டி, தனி மின் இணைப்பு என்று முதலிலேயே செய்துவிட்டால் செலவு சற்றுக் கூடினாலும் மனநிம்மதி மிச்சம். மின் இணைப்பைப் பொறுத்தவரை இதில் நியாயமும் அடங்கியிருக்கிறது. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமில்லை என்று 2016-இல் அரசு அறிவித்தது. நான்கு வீட்டுக்கும் ஒரே இணைப்பை வைத்து உள்ளே சப்-மீட்டர் மாட்டினால், அந்தச் சலுகை ஒன்றாகிவிடுகிறது. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் கட்டண முறையால் நால்வரும் அதிக விலை கொடுக்க நேர்கிறது. அதற்கு மேல் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரு தொகை வைத்து வசூலித்து லாபமும் பார்த்தால், அது அளவையில் மோசடி செய்வதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அவரே யோசிக்கட்டும்.

வாசல்கள் ஒன்றையொன்று நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளி அமைந்தால் எந்தச் சமயத்தவராயினும் பெண்களுக்கு வசதி. துணி உலர்த்த வீட்டுக்கு ஒரு கொடியளவு இடம் தனியே விடுங்கள். மொட்டை மாடியில் தட்டோடு பதிக்காமல் விட்டால், சித்திரை வெயிலில் மேல்வீடு அடுப்பாகிவிடும். ஆண்டுதோறும் மேல்வீட்டுக்காரர் ஏன் காலி செய்கிறார் என்று வியந்துகொண்டிருப்பீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். சம்பை ஊற்றின் இனிய நீரைப் பருகி வளர்ந்த ஊர், ஊருணிகளை வெட்டி மழையைத் தேக்கிய ஊர், இதற்கு மற்றவர் சொல்ல வேண்டியதில்லை. கட்டட அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் எத்தனை வீடு உண்டோ அத்தனையையும் காட்டுங்கள். ஒரு வீடென்று காட்டி நான்கு கட்டினால், மின் இணைப்பு கேட்கும் நாளிலும் வரி விதிக்கும் நாளிலும் அந்தப் பொய் எதிரே வந்து நிற்கும்.

மாணவிகளுக்கு அறை அறையாகப் பிரித்து விடலாமே என்று சிலருக்குத் தோன்றும். பெண்களுக்கான விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. உரிமம் பெற வேண்டும். வாடகை வீடு வேறு, விடுதி வேறு.

யாருக்கு விடுவது?

பெருநகரங்களில் நம் பிள்ளைகள் வேலை கிடைத்தும் வீடு கிடைக்காமல் அலைவதை நாம் அறிவோம். தொலைபேசியில் பேசும்வரை காலியாக இருக்கும் வீடு, பெயரைச் சொன்னதும் "நேற்றே கொடுத்துவிட்டோம்" என்றாகிவிடும். அந்த வலியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நாம், நம் கையில் சாவி வந்ததும் அதே பலகையை மாட்டலாமா? "நம்மவர்களுக்கு மட்டும்" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். வேறு சமயத்தவருக்குக் குடியிருக்க வீட்டை வாடகைக்கு விடுவதில் மார்க்கத் தடை இல்லை. அண்டை வீட்டாரின் ஹக்கு எல்லாச் சமயத்தவருக்கும் உரியது. கணவனை இழந்து பிள்ளைகளோடு வரும் பெண்ணுக்கு வீடு தர மறுப்பது இன்னும் கொடிது. விசாரிக்க வேண்டியது வேலை, முன்பு குடியிருந்த இடம், குடும்பத்தார் எண்ணிக்கை ஆகியவற்றைத்தான்.

வாடகைக்கு ரசீது கொடுங்கள். வருமான வரிக் கணக்கில் நகராட்சி வரி போக எஞ்சிய ஆண்டு வாடகையில் நூற்றுக்கு 30 பங்கு கழிவு உண்டு. நேர்மையாகக் கணக்குக் காட்டுவோருக்கு அது உதவும். ஜக்காத்தைப் பொறுத்தவரை, வாடகைக்கு விட்ட கட்டடத்தின் விலைக்கு ஜக்காத் இல்லை. செலவு போகச் சேர்ந்த வாடகைப் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.

வாரிசுகளின் பங்கு

நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளை வேடிக்கை பார்ப்பதற்கென்றே வெளிநாட்டார் வருகிறார்கள். ஒரு தெருவில் முகப்பு, மறு தெருவில் கொல்லைக் கதவு; நடுவே வளவு; அதைச் சுற்றி இரட்டை வீடுகள் எனப்படும் அறைகள். மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளியாகிவிடுவார். அவரை 'வேறு வைத்து' சமையலையும் செலவுக் கணக்கையும் தனியாக்கிவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ்ப் பல குடித்தனம் என்பதை இந்த மண் அப்போதே கணக்கோடு நடத்திக் காட்டியிருக்கிறது. ஆனால் தலைமுறைகள் பெருகப் பெருக ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள், இருபது பங்காளிகள் ஆனார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். பழுதுபார்க்க எல்லோரும் இசைய வேண்டும். விற்கவும் எல்லோரும் இசைய வேண்டும். இசைவு வராத வீடுகள் பூட்டியே கிடந்து சரிந்தன. இடிப்பதற்கு மட்டும் இசைவு வந்த வீடுகளின் தேக்குக் கதவுகளைக் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் காணலாம்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நான்கு சிறு வீடுகளைப் பிரிப்பது ஒரு பெரிய வீட்டைப் பிரிப்பதைவிட எளிது. பிரிக்கும்வரை வாடகையைப் பங்கிடுவது அதனினும் எளிது. ஆனால் நடைமுறை என்ன? அத்தா வஃபாத்தான பிறகு மூத்த மகன் வாடகையை வசூலிக்கிறார். பழுதுச் செலவு, வரி, அம்மாவின் மருத்துவம் என்று கணக்குச் சொல்கிறார். இரண்டாம் ஆண்டில் கணக்கும் சொல்வதில்லை. "கல்யாணத்தின்போது உனக்கு நகை போட்டோமே" என்று சகோதரியின் வாயை அடைத்துவிடுகிறார்கள். திருமணத்தில் போட்ட நகை அத்தா உயிரோடிருந்தபோது விரும்பிக் கொடுத்தது; வாரிசுப் பங்கு அவர் இறந்த பின் அல்லாஹ் விதித்தது. ஒன்று மற்றொன்றை அழிக்காது. கடன்களையும் வஸிய்யத்தையும் தீர்த்த பின், தாய்க்கு எட்டில் ஒன்று; எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. அத்தா கண்மூடிய நாள் தொட்டு வரும் வாடகை முழுவதும் இந்த விகிதத்தில் எல்லோருக்கும் உரியது. தாய், இரண்டு ஆண், ஒரு பெண் உள்ள வீட்டில் மாதம் 24,000 வந்தால் தாய்க்கு 3,000, மகளுக்கு 4,200, மகன்களுக்குத் தலைக்கு 8,400. பத்தாண்டு கொடுக்காமல் விட்டால் அந்த ஒரு சகோதரிக்கு மட்டும் சேரும் பாக்கி 5,04,000 ரூபாய். முன்பணம் அப்போதும் குடியிருப்பவருடையதுதான். அதை வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ள முடியாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

உயிரோடிருக்கும்போதே மனைவிக்கோ மகளுக்கோ ஒரு வீட்டை ஹிபா செய்ய விரும்புவோர் உண்டு. கொடுப்பதாகச் சொல்வதும் பெறுபவர் ஏற்றுக்கொள்வதும் மட்டும் போதாது. பொருள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பத்திரத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு வாடகையைத் தாமே வாங்கிக்கொண்டிருந்தால், பிற்பாடு நீதிமன்றத்திலும் ஜமாஅத்திலும் அந்த ஹிபா நிற்பது சிரமம். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல வேண்டியதில்லை. வீடு இன்னாருக்கு உரியதாயிற்று என்று அவரிடம் எழுத்தில் தெரிவித்து, வாடகை ஒப்பந்தத்தைப் புதிய பெயரில் எழுதி, முன்பணத்தையும் அவர் பொறுப்பில் மாற்றிக்கொடுத்து, வரி ரசீதையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றிவிட்டு, அடுத்த மாத வாடகையை அந்தப் பெண்மணியின் கையிலேயே கொடுக்கச் சொல்லிவிட வேண்டும்.